துடிப்பு வழியில் பதினொரு நிமிடம்

இதை நான் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. நீங்களும் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் சிரிப்பதற்கு முன்னால் என் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். நான் ஒரு மருத்துவமனையில் காது பார்ப்பவள். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று சொல்வேன். நான் எந்தச் சத்தமும் அனுப்பாதபோதே பட்டனை அழுத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இல்லாத சத்தம் காதுக்குக் கேட்கும். அது எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

அதனால்தான் மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் கண்ணாடி அறைக்குள் நானே போய் உட்கார்ந்து என் காதுகளைச் சோதிக்கச் சொன்னேன். இரண்டு காதும் சுத்தம். ஒரு தடவைகூடத் தப்பாக அழுத்தவில்லை.

ஆகவே, எனக்குக் கேட்டது கேட்டதுதான்.

நடந்தது ஒரு புதன்கிழமை. ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல், மூன்று மணிக் காட்சி.

ஊரிலிருந்த பழைய துணிக் கிடங்கு ஒன்றை ஒளி-ஒலிக் கண்காட்சியாக மாற்றியிருந்தார்கள். சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் படம் ஓடும். நாம் நடந்தால் வெளிச்சமும் கூடவே நடக்கும். திறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. உள்ளே சத்தம் காதைப் பிளக்கிறது என்று யாரோ புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். யாராவது வந்து அளந்து பார்த்து ஒரு அறிக்கை கொடுங்கள் என்று கண்காட்சிக்காரர்கள் எங்கள் மருத்துவமனையைக் கேட்டார்கள். என்னை அனுப்பினார்கள். இரண்டு இலவச டிக்கெட்டும் வந்தன.

இரண்டாவது டிக்கெட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். முழங்கால் வலி வந்த பிறகு வெளியே கிளம்புவதே அபூர்வம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். தங்கை போய் ஆறு வருடம்.

தங்கையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இதயத்தைக் கெடுத்துவிட்டது. பன்னிரண்டு வயதில் நெஞ்சைத் திறந்து ஒரு செயற்கை வால்வு வைத்தார்கள். அது ஒவ்வொரு தடவை மூடும்போதும் சத்தம் வரும். டிக். டிக். டிக். பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகவே கேட்கும். வீட்டில் அவளுக்குக் 'கடிகாரம்' என்றே பேராகிவிட்டது. ஒரு தடவை பரீட்சை நடக்கும்போது மேற்பார்வைக்கு வந்த டீச்சர், "யாரு வாட்ச் கொண்டு வந்தது?" என்று எல்லார் மேசையையும் குடைந்திருக்கிறார். இவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இன்னொரு குறும்பும் உண்டு. வாயைத் திறந்தால் அந்தச் சத்தம் பெரிதாகும். நான் அசந்து தூங்கும்போது என் காதுக்குப் பக்கத்தில் வந்து வாயை அகலமாகத் திறப்பாள். மண்டைக்குள்ளேயே அடிப்பது போலிருக்கும். அலறிக்கொண்டு எழுவேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒன்று சொல்லி அனுப்பினார். "இந்தச் சத்தம்தான் உங்களுக்குக் காவல். என்னைக்காவது மங்குச்சுன்னா நேரம் காலம் பாக்காம தூக்கிட்டு வந்துருங்க."

அதனால்தான் அவளை என் அறையில் படுக்க வைத்தார்கள். பதினொரு வருடம்.

அந்தக் கடைசி வருடம் எனக்கு இந்த வேலை புதிது. பகலெல்லாம் மெல்லிய சத்தங்களையே கவனித்துக் கவனித்து, ராத்திரி அந்த டிக் டிக்கைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"காலைல எனக்கு வேலை இருக்கு. உன் சத்தத்துல கண்ண மூட முடியல. தலகாணிய எடுத்துக்கிட்டு அந்தச் சின்ன ரூமுக்குப் போ."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "மூச்சுன்னா அடக்கிக்கலாம்க்கா. இத எப்படி அடக்குறது?"

"போன்னு சொன்னேன்ல."

போனாள்.

காலையில் நான்தான் அந்த அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

வால்வில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார் டாக்டர். "சத்தம் கொஞ்சம் கொஞ்சமா மங்கியிருக்கும். பக்கத்துல யாரும் படுக்கலையா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவளேதான் தனியா படுக்கணும்னு போனா" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம். ஆறு வருடமாக, வீட்டுக்கு யார் வந்து துக்கம் கேட்டாலும் அம்மா அதையே சொல்வாள். "பிடிவாதக்காரி. தனியாத்தான் படுப்பேன்னு போனா." நான் தலையைக் குனிந்து தேநீரைக் கலக்கிக்கொண்டிருப்பேன். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். செத்துப்போனவள்மேல் பழியைப் போட்டுவிட்டு, உயிரோடு இருக்கும் நான் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சரி. கண்காட்சிக்கு வருகிறேன்.

மணி 3:04. முதல் அறை. நான்கு சுவர்களிலும் கடல். அலை நம்மேல் வந்து கவிழ்வது போலிருக்கும். அதற்கேற்ற இரைச்சல். பையிலிருந்து சத்தம் அளக்கும் கருவியை எடுத்தேன். கைக்கு அடக்கமான கருவி, கண்ணாடியில் எண் ஓடும். 86 டெசிபல் காட்டியது. அதிகம்தான். குறித்துக்கொண்டேன்.

அம்மா என் தோளைத் தொட்டாள். "யாரோ அக்கான்னு கூப்பிடுறாங்க. உன்னையா?"

சுற்றிலும் ஆட்கள். ஒரு குடும்பம், சில கல்லூரிப் பெண்கள். யாருக்கு யார் அக்காவோ.

"இந்த இரைச்சல்ல உனக்கு அது கேட்டுச்சா?" என்றேன்.

அம்மா எனக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

3:22. இரண்டாவது அறை. இங்கே தரைதான் விசேஷம். காலை வைத்தால் பாதத்தைச் சுற்றி வெளிச்சம் வளையமாக விரியும், குளத்தில் கல் எறிந்தாற்போல. ஆளுக்கொரு நிறம். எனக்கு நீலம். அம்மாவுக்கு மஞ்சள். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அம்மாவின் முழங்காலுக்காக நாங்கள் மெதுவாக நடந்தோம்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வெள்ளை வளையம்.

பழுது என்று நினைத்தேன். இத்தனை விளக்கில் ஒன்று தப்பாக எரியாதா? நடந்தோம். அதுவும் வந்தது. நின்றேன். அதுவும் நின்றது. ஆனால் உடனே இல்லை... ஒரு நொடி கழித்து. இன்னும் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றது.

"கொஞ்சம் தள்ளி நட" என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"மிதிக்கிற."

வெளிச்சத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தள்ளி நடந்தேன்.

3:38. மூன்றாவது இடம் அறை இல்லை. நீளமான, குறுகலான ஒரு நடைவழி. அதற்குத் 'துடிப்பு வழி' என்று பேர் வைத்திருந்தார்கள். கூரையிலிருந்து வரிசையாக நூறு பல்புகள் தொங்கின. வாசலில் இடுப்பளவு தூண் ஒன்று, அதில் இரண்டு உலோகக் கைப்பிடிகள். இரண்டு கையாலும் பதினைந்து விநாடி பிடித்தால் நம் இதயத்துடிப்பு ஸ்பீக்கரில் கேட்கும். முதல் பல்பு அதே தாளத்தில் எரிந்து எரிந்து அணையும். கையை எடுத்தால் ஸ்பீக்கர் நின்று, முதல் பல்பு அணைந்து, நம் துடிப்பு இரண்டாவது பல்புக்குப் போய்விடும். அப்படியே நகர்ந்து நகர்ந்து, கடைசியாக வந்துபோன நூறு பேரின் நெஞ்சு அந்தக் கூரையில் துடித்துக்கொண்டிருந்தது.

"நான் வரல" என்றாள் அம்மா. "என் நெஞ்சு என்ன பண்ணுதுன்னு ஊருக்கே கேக்கணுமா?"

கறுப்புச் சட்டை போட்ட ஒரு பணிப்பெண் சிவப்பு டார்ச்சோடு நின்றாள். அம்மாவைப் பக்கவாட்டு வழியாகக் கடைசிக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். மிச்சமிருந்த சிலர் ஒவ்வொருவராகப் பிடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஆள் இல்லாதபோதுதான் சரியாக அளக்க முடியும் என்று காத்திருந்தேன்.

3:41. நான் மட்டும்.

கருவியைக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டு, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

லப்-டப். லப்-டப்.

என் இதயம். தலைக்கு மேல் முதல் பல்பு அதே கணக்கில் எரிந்தது. கருவி 52 காட்டியது.

லப்-டப். லப்-டப்.

டிக்.

கையை எடுத்துவிட்டேன்.

ஸ்பீக்கரில் என் துடிப்பு நின்றது. நிற்கத்தான் வேண்டும். முதல் பல்பும் அணைய வேண்டும்.

அணையவில்லை.

டிக்... டிக்... டிக்...

கைப்பிடியில் யார் கையும் இல்லை. பல்பு எரிந்தது, அணைந்தது. என் தாளத்தில் இல்லை. என் நெஞ்சு அப்போது தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இது நிதானமாக இருந்தது. தூங்குகிறவளின் தாளம்.

பதினொரு வருடம் என் தலையணைக்கு நான்கடி தள்ளிக் கேட்ட சத்தம். எனக்குத் தெரியாதா?

நடைவழியின் மறு கோடியில் ஒரு பல்பு அணைந்தது.

அதற்கு முந்தையது.

அதற்கும் முந்தையது.

ஒவ்வொன்றாக... என்னை நோக்கி. நூறு பேரின் நெஞ்சும் வரிசையாக அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் என் தலைக்கு மேலிருந்த ஒன்று மட்டும்.

டிக்... டிக்...

ஓட வேண்டும் என்று தோன்றியது. வாசல் திரையின் பக்கம் திரும்பினேன்.

பிறகு அந்தச் சத்தம் மாறியது.

மங்கியது.

துணியைச் சுற்றி அமுக்கியது போல. டிக் என்பது 'தக்' என்று ஆனது. பிறகு 'தப்'. எனக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. அந்தச் சின்ன அறையில் அன்றைக்கு நடந்தது. நான் கேட்டிருக்க வேண்டியது.

கைப்பிடிகளைப் பாய்ந்து பிடித்தேன். என் துடிப்பையாவது கொடுக்கலாம் என்று. இறுக்கிப் பிடித்தேன். ஸ்பீக்கரில் என் இதயம் வரவே இல்லை.

தப்... தப்...

தப்...

பல்பு அணைந்தது.

இருட்டு.

கழுத்தில் கருவி மட்டும் மினுங்கியது. 24. அவ்வளவு அமைதி எங்கள் கண்ணாடி அறையில் மட்டும்தான் உண்டு.

எண்ணினேன். ஒன்று... இரண்டு... பத்து... முப்பது... எழுபது...

வரவில்லை.

"நான்தான்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நான்தான் உன்னப் போகச் சொன்னேன். நீயா போகல."

ஒன்றுமில்லை.

"அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

ஒன்றுமில்லை.

பிறகு...

வலது காதுக்குப் பக்கத்தில்... காற்று. வெதுவெதுப்பான காற்று.

யாரோ வாயைத் திறந்தார்கள்.

டிக்.

மண்டைக்குள்.

டிக். டிக். டிக்.

கண்ணை மட்டும் தாழ்த்திக் கருவியைப் பார்த்தேன்.

58.

அதற்கும் கேட்டிருக்கிறது.

"மேடம்?" சிவப்பு டார்ச். பணிப்பெண் திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். கூரையில் பல்புகள் எப்போதும் போலத் துடித்துக்கொண்டிருந்தன. "கடைசிக் கூடத்துல ஷோ ஆரம்பிச்சாச்சு மேடம். உங்கம்மா தேடுறாங்க."

"இங்க கரண்ட் போச்சா?"

"இல்லையே."

கடிகாரத்தைப் பார்த்தேன். 3:52. உள்ளே நான்கு நிமிடம் இருந்திருப்பேன் என்று சத்தியம் செய்திருப்பேன். பதினொரு நிமிடம்.

கடைசிக் கூடத்தில் என்ன காட்டினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. நட்சத்திரங்கள் என்று நினைக்கிறேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன இப்படி ஜில்லுன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

4:15. வெளியே வந்தோம். நல்ல வெயில். எதிரே ஒரு லாரியிலிருந்து தண்ணீர் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உள்ளே நடந்ததை இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்ததை. நான் திட்டியது, தலையணை, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம்.

அம்மா அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தண்ணீர் கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்கு என்கிட்ட வந்தா. தலகாணியோட. 'அம்மா, உன் பக்கத்துல படுத்துக்கவா'ன்னு கேட்டா. நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேன். 'அக்கா தங்கச்சி சண்டைய என்கிட்ட கொண்டு வராதீங்க, போய்ப் படு'ன்னுட்டேன்." தன் வலது கையைப் பார்த்தாள். "நிமிந்துகூட பாக்கல. சிவப்புப் பேனா கையில இருந்துச்சு. அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னதும்... அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. பெத்தவ நினைக்கிற நினைப்பா அது? அதுக்கப்புறம் நானும் அதையே சொல்லிப் பழகிட்டேன்."

இரண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அதைத் தூக்கிச் சுமந்தது மட்டும் தங்கை.

தண்ணீர் லாரி கிளம்பிப் போனது. பிறகு அம்மாதான், "வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

மறுநாள் காது சோதித்ததை முதலிலேயே சொன்னேன். கருவியின் நினைவில் இருந்த எண்களையும் பார்த்தேன். 3:50-க்கு 24. 3:51-க்கு 58. என் அறிக்கையில் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். இன்னொரு பொய்.

திங்கட்கிழமை காலை 10:20-க்கு ஒரு போன். கண்காட்சியின் ஒலிப் பொறியாளர். அறிக்கை கிடைத்தது, நன்றி என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு கேக்கலாமா? நீங்க அந்தத் துடிப்பு வழியில ஏதாவது தொட்டீங்களா? ஒயர், கியர்?"

"இல்லையே. ஏன்?"

"தப்பா கேக்கல. திறந்த நாள்லேர்ந்து அங்க ஒரு தொல்லை. யாரும் கைய வைக்காமலே முதல் பல்பு எரியும். ஸ்பீக்கர்ல டிக் டிக்குனு ஒரு சத்தம். ஒயர மாத்தினோம், போர்ட மாத்தினோம், ஒண்ணும் நடக்கல. புதன்கிழமை உங்க ஷோவுக்கு அப்புறம் தானா நின்னுடுச்சு. அதான், நீங்க ஏதாவது பண்ணீங்களோன்னு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னொன்னு. இது சும்மா கணக்குக்கு. தீயணைப்புத் துறைக்காக உள்ள போறவங்க, வெளிய வர்றவங்க ரெண்டையும் மெஷின் எண்ணும். உங்க ஷோவுல உள்ள போனது பத்தொம்போது பேரு. வெளிய வந்தது இருபது. கடைசியா வந்தது நீங்களும் அம்மாவும்தான். கூட யாராவது வந்தாங்களா மேடம்?"

"தெரியல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அன்று காருக்குப் போனோமே, அப்போது. அம்மா எப்போதும் முன்னால் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அன்றைக்கு முன் கதவை விட்டுவிட்டுப் பின் கதவைத் திறந்தாள். திறந்தவள் உடனே ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்... ஓர் ஆள் ஏறி, நகர்ந்து உட்காரும் நேரம்.

அதற்குப் பிறகுதான் அவள் ஏறினாள்.